காவடி விரதமும் ஆட்டோபேஜியும்: எம்.எஸ். உள்ளவர் மருந்தை நிறுத்தலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருப்பது இது. 29 வயது மகனுக்கு இரண்டு ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய். திடீரென்று வந்து, தணிந்து, மறுபடி வரும் வகை. தினமும் ஃபிங்கோலிமாட் 0.5 மில்லிகிராம் கேப்சூல் ஒன்று சாப்பிடுகிறார். வரும் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருக்கிறார். விரதத்தோடு மூன்று வாரம் கேப்சூலையும் நிறுத்திவிட்டு, கடைசி மூன்று நாள் வெறும் தண்ணீரில் இருந்தால் ‘ஆட்டோபேஜி’ கிளம்பி நரம்பைச் சுத்தப்படுத்திவிடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, அதிலேயே நிற்கிறார். வீட்டில் மாமியாருக்குப் பார்க்கின்சன். அவருக்கும் இது நல்லதா என்பது அடுத்த கேள்வி.

அம்மா, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பி சைவ விரதம் இருக்கலாம். டாக்டரிடம் பேசிவிட்டுக் காவடியும் எடுக்கலாம். கேப்சூலை நிறுத்தக் கூடாது. மூன்று நாள் தண்ணீர் விரதம் வேண்டாம். மாமியாருக்கு எந்தப் பட்டினியும் வேண்டாம்.

கேப்சூல் விஷயம்தான் அவசரம். ஃபிங்கோலிமாட் நோயைக் கிளப்பும் வெள்ளணுக்களைக் கொல்வதில்லை. அவை ரத்தத்துக்கு வராதபடி நிணநீர்க் கணுக்களுக்குள் அடைத்து வைக்கிறது. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் அந்தக் கதவு திறந்துகொள்ளும். நிறுத்திய சிலருக்கு அடுத்த சில மாதங்களில், மருந்து தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடக் கடுமையான தாக்குதல் வந்திருக்கிறது. இன்னொன்று: இந்த மருந்தின் முதல் டோஸ் இதயத் துடிப்பைக் குறைக்கும். அதனால்தான் தொடங்கிய அன்று தம்பியை ஆறு மணி நேரம் உட்கார வைத்து நாடி பார்த்திருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டால், மறுபடி தொடங்கும்போது அதே ஆறு மணி நேரக் கண்காணிப்பு வேண்டும். மூன்று வாரம் விட்டுவிட்டு வீட்டிலேயே ஒன்றை எடுத்து விழுங்குவது ஆபத்து.

இப்போது ஆட்டோபேஜிக்கு வருகிறேன். தம்பி கேள்விப்பட்டது முழுப்பொய் இல்லை. பாதி தெரிந்து மீதி தெரியாததுதான் சிக்கல்.

ஒரு செல் தன் பழுதான உறுப்புகளையும் கசங்கிப்போன புரதங்களையும் தானே விழுங்கிச் செரித்து, அந்த மூலப்பொருளை மறுபடி பயன்படுத்திக்கொள்வதுதான் ஆட்டோபேஜி, தமிழில் தன்னுண்ணல். 1963-ல் கிறிஸ்டியன் டி டூவ் இந்தப் பெயரை வைத்தார். யோஷினோரி ஓசுமி 1990-களில் ஈஸ்ட் செல்லில் இதற்கான மரபணுக்களைக் கண்டுபிடித்து 2016-ல் நோபல் பரிசு பெற்றார். உணவு குறைந்தால் ‘எம்டார்’ என்ற புரதக் கூட்டு அடங்குகிறது. ஆற்றல் குறைவை உணரும் ‘ஏ.எம்.பி.கே.’ எழுகிறது. இரண்டும் சேர்ந்து வேலையைத் தொடங்கிவைக்கின்றன. செல்லுக்குள் மெல்லிய சவ்வு ஒன்று கிண்ணம்போல வளைந்து, கழிவைச் சுற்றி வளைத்து, வாய் மூடி ஒரு பையாகிறது. ‘பி62’ போன்ற புரதங்கள் எதை உள்ளே போடுவது என்று பிடித்துக் கொடுக்கின்றன. அந்தப் பை லைசோசோம் என்ற அமிலப் பையோடு போய் இணைகிறது. அங்கே அமிலத்தன்மை பி.எச். 4.5 முதல் 5 வரை. அந்த அமிலத்தில்தான் செரிக்கும் நொதிகள் நன்றாக வேலை செய்யும். பை லைசோசோமை எட்டாவிட்டாலோ, அங்கே அமிலம் போதாவிட்டாலோ, எத்தனை பை கட்டினாலும் எதுவும் செரிக்காது.

நம் தெருவில் குப்பை எடுக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். கறுப்புப் பைகளைக் கட்டி கேட்டருகே வைக்கிறோம். லாரி வராத வாரம் வீட்டுக்குள் இன்னும் சுறுசுறுப்பாகப் பை கட்டினால் என்ன ஆகும்? கேட்டு அடைபடும், நாற்றம் கூடும். பட்டினி செய்வது பெரும்பாலும் பை கட்டும் வேலையைக் கூட்டுவதுதான். லாரி வருகிறதா என்பது வேறு கேள்வி, நரம்பு நோய்களில் அதுவே முக்கியமான கேள்வி.

நரம்பு செல்லுக்கு இந்தத் துப்புரவு ஏன் உயிர்நாடி? தோல் செல், குடல் செல் எல்லாம் பிரிந்து பெருகும்போது கழிவும் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டுவிடும். நரம்பு செல் பிரிவதில்லை, பிறந்ததிலிருந்து கடைசிவரை ஒன்றேதான். முதுகுத்தண்டிலிருந்து கால் விரல்வரை போகும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர். அதன் நுனியில் கட்டப்படும் பை அவ்வளவு தூரம் மெல்ல இழுத்து வரப்பட்டு, செல்லின் உடல்பகுதியை நெருங்க நெருங்கத்தான் முழுதாகச் செரிக்கிறது. 2006-ல் ஜப்பானில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலியின் நரம்பு மண்டலத்தில் மட்டும் ஏ.டி.ஜி.5 அல்லது ஏ.டி.ஜி.7 என்ற ஆட்டோபேஜி மரபணுவை நீக்கிப் பார்த்தன. நோய் உண்டாக்கும் புரதம் எதையும் சேர்க்கவில்லை. ஆனாலும் செல்களுக்குள் புரதக் கட்டிகள் சேர்ந்தன, நடை தள்ளாடியது, நரம்பு செல்கள் செத்தன. ஏ.டி.ஜி.7 இல்லாத எலிகள் 28 வாரத்துக்குள் இறந்துபோயின. ‘ஆட்டோபேஜி கூடினால் நரம்பு பிழைக்கும்’ என்ற நம்பிக்கைக்கு வேர் இந்த ஆய்வுகள்தான். இல்லாவிட்டால் சாவு என்பது நிரூபணமானது. கூட்டினால் குணம் என்பதை அவை சொல்லவில்லை.

மாமியாரின் பார்க்கின்சனைப் பார்ப்போம். செல்லுக்கு மின்சாரம்போல ஆற்றல் தருவது மைட்டோகாண்ட்ரியா. அது பழுதானால் ‘பிங்க்1’ என்ற புரதம் அதன் மேல் தேங்கி, ‘பார்கின்’ என்ற இன்னொன்றைக் கூப்பிட்டு, ‘இதை அப்புறப்படுத்து’ என்று குறி போட வைக்கிறது. இந்த இரண்டு மரபணுக்களில் எது பழுதானாலும் இளம் வயதிலேயே பார்க்கின்சன் வரலாம். அது குறிபோடும் கட்டத்தில் வரும் கோளாறு. ஜி.பி.ஏ.1 மரபணு மாறியவர்களுக்கோ லைசோசோமுக்குள் இருக்கும் ஒரு நொதி குறைகிறது; அது லாரிக் கோளாறு. பார்க்கின்சனில் கட்டி கட்டும் ஆல்பா-சினூக்ளின் புரதத்தின் சில மாற்றுருவங்கள், லைசோசோம் வாயிலில் இருக்கும் ‘லேம்ப்2ஏ’ என்ற நுழைவுப் புரதத்தை இறுகப் பிடித்துக்கொண்டு மற்றவை நுழையாமல் வாசலை அடைக்கின்றன. ஒரே பெயருள்ள நோய்க்குள்ளேயே பழுது மூன்று இடத்தில். ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயில் இன்னும் விநோதம்: பைகள் ஒழுங்காகக் கட்டப்படுகின்றன, லைசோசோமுக்கும் போகின்றன, திறந்து பார்த்தால் உள்ளே கழிவே போதுமான அளவு இல்லை. அல்சைமர் மூளையை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வீங்கிய நரம்பிழைகளுக்குள் பாதி செரித்த பைகள் அடுக்கடுக்காக நிற்கும். அங்கே பை கட்டுவது குறையவில்லை, செரிப்பது நின்றிருக்கிறது.

ஏ.எல்.எஸ். என்ற தசை இயக்க நரம்பு நோய் இதில் நல்ல எச்சரிக்கை. அதன் பரம்பரை வகைகளில் பழுதாகும் மரபணுக்கள் பலவும், டி.பி.கே.1, ஆப்டிநியூரின், பி62 எல்லாம், ஆட்டோபேஜியைச் சேர்ந்தவை. ஆட்டோபேஜியைத் தூண்டினால் தீரும் என்று யாருக்கும் தோன்றும். எம்டாரை அடக்கும் ரபமைசினை ஏ.எல்.எஸ். மாதிரி எலிகளில் ஒரு வகைக்குக் கொடுத்தபோது நோய் வேகமானது. லித்தியமும் ஆட்டோபேஜியைத் தூண்டும். 2008-ல் இத்தாலியில் ஒரு சிறிய சோதனை அது ஏ.எல்.எஸ்ஸை மந்தப்படுத்துவதாகச் சொன்னது. பல நாட்டு நோயாளிகள் காத்திருக்காமல் தாங்களாகவே லித்தியம் சாப்பிடத் தொடங்கினார்கள். பின்னால் வந்த பெரிய சோதனைகள் எதிலும் பலன் தெரியவில்லை. அந்த மக்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. தம்பியின் தவிப்பும் அதே வகைதான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எம்.எஸ்ஸில் விஷயம் இன்னும் சிக்கல். இங்கே ஒரே ஆட்டோபேஜி இரண்டு பக்கத்திலும் வேலை செய்கிறது. எம்.எஸ். என்பது உடலின் பாதுகாப்புச் செல்கள் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையைப் பகையென்று தாக்கும் நோய். தாக்கும் டி செல்கள் நீண்ட நாள் பிழைத்திருக்க ஆட்டோபேஜி வேண்டும். எம்.எஸ். நோயாளிகளின் டி செல்களிலும், அதற்கு ஒப்பான நோய் உண்டாக்கப்பட்ட எலிகளிலும் ஏ.டி.ஜி.5 கூடியிருப்பதை 2009-ல் கண்டார்கள். மயலின் துண்டை எடுத்து ‘இதைத் தாக்கு’ என்று டி செல்லுக்குக் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்லுக்கும் இதே கருவிகள் உதவுகின்றன. அந்தச் செல்லில் மட்டும் ஏ.டி.ஜி.7-ஐ நீக்கிய எலிகளுக்கு நோய் லேசாகவே வந்தது. ஆக, இந்தப் பக்கத்தில் ஆட்டோபேஜி கூடினால் எதிரிக்குச் சோறு போட்டதாகும்.

மறுபக்கம் பழுது பார்ப்பவர்கள். மயலின் சிதைந்த இடத்தில் கொழுப்பான குப்பை கிடக்கும். அதை மைக்ரோகிளியா என்ற மூளைச் செல்கள் தின்று ஒழித்தால்தான் புது மயலின் ஏறும். மைக்ரோகிளியாவில் ஏ.டி.ஜி.7 இல்லாத எலிகள் தாக்குதலிலிருந்து மீளவே இல்லை என்று 2020-ல் வந்த ஆய்வு காட்டியது. வயதான எலிகளிலும் அதே குறை இருந்தது. மயலினைச் சுற்றும் ஆலிகோடென்ட்ரோசைட் செல்லுக்கும் தன் உறையைப் புதுப்பிக்க ஆட்டோபேஜி வேண்டும். ஆனால் அதே செல் முதிர்ந்து மயலின் சுற்றுவதற்கு எம்டாரும் வேண்டும். எம்டாரை எப்போதும் அடக்கியே வைத்தால் புது உறை ஏறுவதும் தடைபடும். பட்டினி இந்தச் செல்லுக்குக் கூட்டு, அந்தச் செல்லுக்குக் குறை என்று பிரித்துப் பார்க்காது.

ஒரு சிறு ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. நமக்கெல்லாம் தெரிந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், லைசோசோமின் அமிலத்தைக் குறைத்து ஆட்டோபேஜியைத் தடுக்கும் மருந்து. கனடாவில் படிப்படியாக முற்றும் வகை எம்.எஸ். உள்ள சிலருக்கு 18 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த பேருக்கே நடை மோசமானது. ஒப்பிட வேறு குழு இல்லாத சோதனை என்பதால் இதை வைத்து மருந்து தொடங்க முடியாது. ஆட்டோபேஜியைத் தடுக்கும் மருந்துகூட எம்.எஸ்ஸில் நம்பிக்கை தரக்கூடும் என்பதைத் தம்பி கவனிக்க வேண்டும்.

பட்டினியைப் பற்றிய நேரடி ஆதாரம் எது? 2016-ல் வந்த ஆய்வில், வாரத்துக்கு மூன்று நாள் மிகக் குறைந்த உணவு, மீதி நாள் வழக்கமான உணவு என்று எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஐந்தில் ஒரு எலிக்கு அறிகுறி முழுதாக நீங்கியது. வீடியோக்களில் வருவது பெரும்பாலும் இதுதான். அந்த ஆய்வாளர்களே காரணமாகக் காட்டியது உடலின் ஸ்டீராய்டு கூடியதையும், டி செல்களை அடக்கும் ஒழுங்குச் செல்கள் கூடியதையும், பழுது பார்க்கும் செல்கள் பெருகியதையும். 2018-ல் வந்த இன்னொரு எலி ஆய்வில் பட்டினியின் பலன் குடல் பாக்டீரியா வழியாக வந்தது. அந்தப் பாக்டீரியாவை வேறு எலிக்கு மாற்றியதும் அதற்கும் பாதுகாப்பு கிடைத்தது. பலன் கண்டதெல்லாம் ஆட்டோபேஜியால்தான் என்று சொல்ல இடமில்லை. மனிதரில், முதல் ஆய்வின் பகுதியாக 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரே ஒருமுறை, ஏழு நாள், நாளுக்கு 200 முதல் 350 கிலோகலோரி; பிறகு மத்தியதரைக்கடல் பகுதி உணவு. வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளில் மதிப்பெண் கூடியது. நோய் நின்றுபோனது என்று அது காட்டவில்லை.

எலிக் கணக்கை மனிதருக்கு அப்படியே மாற்றவும் முடியாது. ஒரு நாள் பட்டினியில் எலி தன் எடையில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழக்கும். 70 கிலோ மனிதர் ஒரே நாளில் ஏழு கிலோ இழப்பதை நினைத்துப் பாருங்கள். 48 மணி நேரம் பட்டினி போட்ட எலியின் ஈரலிலும் தசையிலும் ஆட்டோபேஜி பளிச்சென்று கூடியது, மூளையில் கூடவில்லை என்றது 2004-ல் வந்த ஆய்வு. கூடுகிறது என்றது 2010-ல் வந்த இன்னொன்று. உயிரோடிருக்கும் மனிதரின் மூளையில் ஆட்டோபேஜி எவ்வளவு நடக்கிறது என்று அளக்க ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. ‘16 மணி நேரத்தில் ஆட்டோபேஜி தொடங்கும், 72-ல் உச்சம்’ என்று அட்டவணை போடுபவர்கள் எதை வைத்து அளந்தார்கள் என்று கேளுங்கள்.

இந்தத் துறையில் எனக்கு உண்மையான நம்பிக்கை தருவது வேறு. வயதான எலிகளில் மயலினைச் சீர்செய்யும் இளஞ்செல்கள் சோர்ந்துவிடுகின்றன. மாதக்கணக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி போட்டாலோ, பட்டினிபோலவே வேலை செய்யும் மெட்ஃபார்மின் கொடுத்தாலோ அவை மறுபடி சுறுசுறுப்பாகின்றன என்று 2019-ல் காட்டினார்கள். நம் வீடுகளில் சர்க்கரைக்குச் சாப்பிடும் அதே மாத்திரை. எம்.எஸ். உள்ளவர்களிடமும் சோதனை தொடங்கியிருக்கிறது. அதற்காகச் சித்தப்பாவின் மெட்ஃபார்மினைத் தம்பி எடுத்துச் சாப்பிட வேண்டாம். ஆட்டோபேஜியைத் தூண்டும் என்று கடையில் விற்கும் டிரெஹலோஸ் சர்க்கரையும் வேண்டாம். வாயால் சாப்பிட்டால் பெரும்பகுதி குடலிலேயே குளுக்கோஸாக உடைந்துவிடும்.

நம் மக்களிடம் எம்.எஸ். பற்றிய பேச்சே குறைவு என்பதால்தான் வீடியோ குருவாகிறது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நடந்த கணக்கெடுப்பில் வெள்ளையரில் லட்சத்துக்குச் சுமார் 25 பேர், இந்திய வம்சாவளியினரில் 7 முதல் 8 பேர், கறுப்பின மக்களில் ஒருவருக்கும் குறைவு. அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. எம்.எஸ்., பார்க்கின்சன் இரண்டும் இந்நாட்டு மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கட்டாயம் ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் உள்ளவை. செலவுக்குப் பயந்து மருந்தை விடும் எண்ணம் இருந்தால், முதலில் அந்தப் பதிவு நடந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி காவடி. நம் ஊர் விரதம் பெரும்பாலும் மாமிசம் விடுவது, சுத்தமாக இருப்பது. பருப்பு, காய், சோறு, பால் எல்லாம் உண்டு. அதில் எம்.எஸ்ஸுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. தம்பி ஆண்டு முழுதும் சைவம் என்றால் மட்டும் பி12 பாருங்கள். பி12 குறைந்தாலும் கால் மரத்து நடை தள்ளாடும், எம்.எஸ். முற்றியதுபோலவே தெரியும். கேப்சூலின் ஓடு பொதுவாக ஜெலட்டின், மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. விரதத்தில் அது மனதை உறுத்தினால் இப்போதே மருந்தாளரிடமும் டாக்டரிடமும் பேசுங்கள். ஓட்டைத் திறந்து தூளைக் கொட்டிச் சாப்பிடக் கூடாது.

தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. டர்பனில் கொதிக்கும் கோடை. எம்.எஸ். உள்ளவருக்கு உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே பார்வை மங்கலாம், கால் துவளலாம். உறையிழந்த நரம்பு சூட்டில் சைகையைக் கடத்தாது. உடல் குளிர்ந்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் தோளில் காவடியோடு கால் துவண்டால் விழுவார். காலை முதல் கூட்டத்திலேயே கிளம்பட்டும், கனம் குறைந்த காவடியாக இருக்கட்டும், ஈரத்துண்டும் ஐஸ் தண்ணீரும் தூக்க ஒருவர் கூடவே நடக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் வெறுங்காலில் தார் ரோட்டில் கொப்புளம் வந்தும் தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். அலகு குத்துவதைத் தவிர்க்கச் சொல்வேன். ஃபிங்கோலிமாட் சாப்பிடுபவருக்குத் தொற்று எளிதில் பற்றும். தண்ணீரைக் குறைக்கவே கூடாது. அடிக்கடி சிறுநீர் வருகிறதே என்று பலர் குடிப்பதைக் குறைத்து, சிறுநீர்த் தொற்றை வரவழைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காய்ச்சலில் பழைய அறிகுறிகள் எல்லாம் திரும்பி, புதுத் தாக்குதல்போல ஏமாற்றும்.

மாமியாருக்குப் பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரையை நேரம் தவறாமல், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு கொடுங்கள். பருப்பு, பால், தயிரின் புரதம் குடலிலும் மூளை வாசலிலும் அதோடு போட்டி போடும், சைவச் சாப்பாடாக இருந்தாலும். பட்டினியும் நீர்க்குறைவும் சேர்ந்தால் எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கி விழுவார். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடல் விறைத்துக் கடும் காய்ச்சல் வரலாம், உயிருக்கே ஆபத்து. அவருக்குச் சர்க்கரையும் இருந்து இன்சுலினோ கிளிக்ளஸைடோ எடுத்துக்கொண்டால் ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் விடாதீர்கள்.

விரத நாட்களில் தம்பிக்குப் புதிதாக மரத்துப்போதல், ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்குதல், நடை தள்ளாடுதல் எதுவும் வந்து, நிழலில் உட்கார்ந்து குளிர்ந்த பிறகும் 24 மணி நேரம் நீடித்தால், காவடி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் காய்ச்சல் பாருங்கள், சிறுநீர் பரிசோதனை செய்யுங்கள். தொற்று இல்லையென்றால் அன்றே அவருடைய நரம்பியல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். என்ன அறிகுறி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, கடைசிக் கேப்சூல் எப்போது சாப்பிட்டார் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.